மரக்காணத்தில் நின்ற நடை

அக்கா,

இன்று காலை மொட்டை மாடியில் தார்ப்பாயை உதறி வெயிலில் போட்டேன். விறகுப் புகை, ஈர மண், வேகவைத்த கடலை, எல்லாம் சேர்ந்த அந்த வாசனை ஒரே மூச்சில் முகத்தில் அடித்தது. ஓரத்தில் கிழிந்த இடத்தில் வலை நூலால் நீ போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது. ஆறு வருஷம் உன்னோடு நான் பேசவில்லை. அந்த முடிச்சை அவிழ்க்கவுமில்லை.

மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து கோணலாகத்தான் வரும்.

முதல் தடவை உன்னோடு வேளாங்கண்ணிக்கு நடந்தபோது எனக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. நான் மாரியாத்தாளைக் கும்பிடுகிறவள், நீ மாதா கோயில்காரி. காசிமேட்டில் பக்கத்துப் பக்கத்தில் கூடை வைத்து மீன் விற்றோம், அவ்வளவுதான் நம் உறவு. "சும்மா வாடி, ஊரு பாத்துகினு வரலாம்" என்றாய். பன்னிரண்டு நாள் நடை, வழி முழுக்க ரோட்டோரத்தில் படுக்கை என்று சொல்லவே இல்லை.

முதல் நாள் பொழுது சாய்கிற நேரம், பூப்போல மணல் என்று ஒரு பனை மரத்தடியில் பாயை விரித்தேன். எல்லோரும் பார்க்க இடுப்பில் கை வைத்துச் சிரித்தாய்.

"இன்னாடி, மேல பாத்தியா? மட்டை வுழுந்தா மூஞ்சி இருக்காது. எயுந்து வா."

இடம் பிடிக்க உனக்கென்று ஒரு வழி உண்டு. நாய் எங்கே படுத்திருக்கிறது என்று முதலில் தேடுவாய். "நனையாத எடம் அதுக்குத்தான் தெரியும். அத்தத் தொரத்திட்டு அங்க போடு" என்பாய். பிறகு தார்ப்பாயைச் சுற்றிக் கரண்டிக் காம்பால் சின்ன வாய்க்கால் கீறுவாய். செருப்பை வெளியே விடாமல் தலைக்கடியில் வைக்கச் சொல்வாய். கடல் காற்றுக்கு முதுகு கொடுத்து அடுப்பை மூட்டுவாய். பெண்கள் ஒதுங்க இடமில்லாத ஊரில் எவ்வளவு நிழல் இருந்தாலும் தங்கவிட மாட்டாய். ஒரு வருஷம் நம்மைப் பார்த்ததும் கக்கூஸைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டானே ஒரு பெட்ரோல் பங்க்காரன், அவன் முகம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. நீ மறுநாளே மறந்துவிட்டாய். அது உன் குணம்.

மற்றவர்கள் இன்னும் நாலு மைல் போகலாம் என்று துடிக்கும்போது நீ நின்றுவிடுவாய். "காலு கெஞ்சறப்போ நிக்கறது நிக்கறதே இல்ல. வெளிச்சம் கீறப்பவே நில்லு" என்பாய். எனக்கு எரிச்சலாக வரும்.

இப்படி எத்தனையோ வருஷம் சும்மாவே உன்னோடு நடந்தேன். அப்புறம்தான் என் மகன் போன படகு இன்ஜின் நின்று நாலு நாள் கடலில் கிடந்தது. அவன் கரைக்கு வந்தால் ஏழு வருஷம் நேர்ச்சையாக நடக்கிறேன் என்று உன் மாதாவிடம்தான் வேண்டினேன். வந்துவிட்டான். ஆறு வருஷம் குறையில்லாமல் நடந்தேன்.

ஏழாவது வருஷம் மரக்காணம் தாண்டி உப்பளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். காய்ச்சல் என்று எனக்குத் தெரியவில்லை, வெயில் என்று நினைத்தேன். நீ என் செருப்பைக் கழற்றி இடது கால் சுண்டு விரலை அமுக்கினாய். விரல் கறுத்திருந்தது.

"வலிக்குதா?"

"இல்லியேக்கா."

"அதாண்டி பேஜாரு. சக்கர வியாதிக்காரி காலு வலிக்கணும்."

நடுவில் வண்டி ஏறினால் நேர்ச்சை முறிந்துபோகும் என்று நான் அழுதேன். நம் கூட்டத்தில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. நடை நின்ற இடத்தில் அடையாளம் வைத்துவிட்டு, திரும்பி வந்து அதே இடத்திலிருந்து நடந்தால் நடை முறியாது. நீ அடுப்புக் கரியால் மைல்கல்லில் ஒரு சிலுவை போட்டாய். "பாண்டில மருந்து கட்டிகினு சாய்ங்காலமே இதே கல்லாண்ட எறங்கிடலாம்" என்று என் தலையில் கை வைத்துச் சொன்னாய். தலையில் கை வைத்து.

மரக்காணத்துக்குத் திரும்பக் கூட்டிவந்து, பஸ் ஏறி ஜன்னலோரம் என்னை உட்கார வைத்தாய். "தண்ணி வாங்கினு வரேன்" என்று இறங்கினாய். பஸ் கிளம்பியது. பாண்டிக்குப் போகிற பஸ்ஸில் கடல் என் இடது கைப் பக்கம் வர வேண்டும். வலது கைப் பக்கம் வந்தது. எழுந்து கத்தினேன்.

கண்டக்டர் சொன்னார்: "உக்காரும்மா. மெட்ராஸ்ல உம் பொண்ணு வந்து நிக்குது. கூட வந்த அம்மா எல்லாம் சொல்லிட்டுத்தான் போச்சு."

விரலை எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் நடந்திருந்தால் கணுக்காலோடு எடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னார். நீ வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்து, எனக்காக மெழுகுவத்தி ஏற்றி, எண்ணெய் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாய். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அதன் பிறகு ஒரே தெருவில் ஆறு வருஷம். குழாயடியில் நீ "கால் எப்டிடி கீது?" என்று கேட்பாய். நான் குடத்தோடு பேசுவதுபோல் நின்றிருப்பேன்.

போன தை மாதம் நீ போய்விட்டாய். வந்தேன். அழவில்லை.

இந்த வருஷம் நடை கிளம்பும்போது, "நானும் வரேன், விட்ட எடத்துலேர்ந்து" என்றேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒம்போது வெரல வெச்சிகினு இன்னா நடைம்மா ஒனக்கு?"

"பத்து வெரல் இருக்கறவளுங்கல்லாம் இன்னா கிழிச்சிட்டாளுங்க?" என்றேன்.

ரோட்டை அகலமாக்கியிருந்தார்கள். உன் கல்லைக் காணோம். உப்பளத்தை வைத்து இடம் கண்டு அங்கிருந்து நடந்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்துச் செருப்பு, கையில் ஒரு கம்பு. ஒவ்வொரு நாளும் வெளிச்சத்திலேயே நான் நிறுத்தினேன், மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். நாயைத் துரத்தினேன், வாய்க்கால் கீறினேன். பாண்டி தாண்டிய அன்று சாயங்காலம் மழை கொட்டியது. சுற்றிலும் எல்லோர் பாயும் மிதந்தது, நம் தார்ப்பாயில் ஒரு சொட்டு ஏறவில்லை.

மறுநாள் காலை கொஞ்ச தூரம் நடந்து, உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். குதிகாலுக்கு முன்னால், பாதத்தில் சுற்றியிருந்த துணி ஈரமாக இருந்தது. மழை ஈரம் இல்லை. விரலால் அமுக்கிப் பார்த்தேன். வலிக்கவில்லை.

கூட இருந்த பெண்கள் சுற்றி நின்றார்கள். "சப்பர வண்டியில குந்திக்கோ ஆயா. பாதிக்கு மேல வந்துட்ட, வுட்டுட்டுப் போவியா?" என்றாள் ஒருத்தி. வலிக்கவில்லை என்று சொன்னால் நம்பியிருப்பார்கள், உண்மையும் அதுதான். என்னைப் பொய் சொல்லி ஏற்றிவிட அங்கே யாருமில்லை. என் வாயால் நானே சொல்ல வேண்டியிருந்தது.

"கடலூர்ல எனக்கு மெட்ராஸ் பஸ் பாத்து ஏத்தி வுடுங்கடி."

புண் சின்னது, ஆறிவிடும் என்கிறார் டாக்டர். நடை அடுத்த வருஷம் கடலூரிலிருந்து. அது முடியாமலே போனாலும் உன் மாதா என் மகனைத் திருப்பிக் கேட்கமாட்டாள், அந்த அளவுக்கு அவளை எனக்கும் தெரியும்.

அக்கா, என்னைப் பஸ் ஏற்றிவிட்ட கோபம் கடலூரிலேயே போய்விட்டது. தலையில் கை வைத்துப் பொய் சொன்ன கோபம் போகவில்லை. நீ நேராகச் சொல்லியிருந்தால் பஸ்ஸை விட்டுக் குதித்து நடந்தே போயிருப்பேன். அது உனக்குத் தெரியும். என்னை அவ்வளவு தெரிந்த மனுஷியிடம் குழாயடியில், "கால் நல்லாத்தான் கீதுக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றேன். உன் மேல் வைத்த கோபத்தை நான் சுமந்துவிடுவேன், பழகிவிட்டது. சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையைத்தான் எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.