படிக்காமலே கண் கலங்கிய கட்டுரை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகவில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், அம்மா பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் கடிதம். உன் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அன்றிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது. சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஊர் சுற்றி எழுதுகிற மற்றவர்களின் கட்டுரைகளில் உனக்குப் பிடித்த ஐந்தை மாதாமாதம் உன் வலைப்பதிவில் பொறுக்கிப் போடுகிறாயே, அதை ஒன்று விடாமல் படிப்பவன் நான். பஸ் நிலையத்துப் பொருள் காப்பறையில் அடுத்தவன் பெட்டியைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? நீ நல்லது என்றால் நல்லதுதான் என்று டிக்கெட் கவுண்டர்காரருக்கும் அனுப்பிவைப்பேன். இந்த மாதம் முதல் கட்டுரைக்கு மேலே, படித்து முடித்ததும் கண் கலங்கிவிட்டது, அவசியம் படியுங்கள் என்று எழுதியிருந்தாய். திறந்தேன். படத்தில் நான். வாயைப் பிளந்து தூங்குகிறேன், மடியில் பாதி தின்ற சாப்பாட்டு டப்பா.

எழுதிய தாடிக்காரனை நன்றாக நினைவிருக்கிறது. பையை ஒப்படைத்தபோது நான் கொடுத்த சீட்டைத் தொலைத்துவிட்டு வந்து நின்றவன். சீட்டு இல்லாதவன் பைக்குள் இருக்கும் மூன்று பொருளைச் சொன்னால்தான் கொடுப்போம் என்பது உனக்கே தெரியும். அவன் சொன்னதைச் சரிபார்க்கத் திறந்தேன். ஈரத் துணி, சாக்ஸ், அழுகிய பழம். சே! அந்த நாற்றத்தில் என் கண்ணில் நீர் வந்தது உண்மை. அந்தப் புண்ணியவான் என்ன எழுதியிருக்கிறான் தெரியுமா? நான் ஒருநாளும் பஸ் ஏறாதவனாம், அவன் கடலைப் பற்றிச் சொன்னதும் அழுதேனாம், பெண்டாட்டி பிள்ளை இல்லாத தனிக்கட்டையாம். அம்மா படித்துவிட்டு, அப்போ இத்தனை வருஷமா நான் யாருக்கு டப்பா கட்டினேன் என்று கேட்டாள். சிரித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நீ அதைத் திறக்கவே இல்லை. திறந்திருந்தால் முதல் படத்திலேயே அப்பனைப் பார்த்திருப்பாய். சரி, அந்தக் கட்டுரைக்குள் இருப்பதில் மூன்றைச் சொல் பார்க்கலாம்! உன் பதிவுக்குக் கீழே அவன், நன்றி தோழி, அடுத்த மாதம் உங்களுடையதைப் போடுகிறேன் என்று இளித்திருக்கிறான். இப்படித்தானா நடக்கிறது உங்கள் கடை? அவன் மேல் எனக்கு வெறும் கோபம். உன் மேல்தான் அருவருப்பு, எழுதவே கை கூசுகிறது. எச்சில் இலையை விருந்து என்று பரிமாறியிருக்கிறாய், அதை நான் நாலு பேருக்கு வேறு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதை உன் பதிவிலிருந்து உடனே நீக்கச் சொல்லலாம் என்றான் தம்பி. வேண்டாம் என்றேன். முதலில் கடைசி வரி வரை உட்கார்ந்து படி. பிறகு என்ன செய்ய வேண்டும் என்று உனக்கே தெரியும்.

எங்கே இருந்தாலும் உடம்புக்கு ஒன்றும் வராமல், நாலு பேர் மெச்ச நன்றாயிரு, அம்மாவின் ஆசியும் உண்டு. பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. இன்று காலை கவுண்டர்காரர், உங்க பொண்ணு போட்டதுல மிச்சம் நாலும் நல்லா இருக்குமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
அப்பா