குடைக்கு ஒரு டிராக்

பிப்ரவரி 24

குட்டியின் அப்பாவுக்கு,

மூன்று வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸோ என்று பயந்துவிடாதீர்கள். விஷயம் வேறு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் பதினான்காம் தேதி எனக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். உயிரைக் காப்பாற்றிவிடலாம், குரலைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அழுது முடித்தாயிற்று. இப்போது வேலையைப் பார்க்க வேண்டும். குட்டிக்கு ஊட்டும்போது நான் சொல்லும் மூக்கடைப்பு ராஜா கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவரை எந்நேரமும் அதட்டிக்கொண்டே இருக்கும் அவருடைய குடையும் ஞாபகம் இருக்கும். மொத்தம் பன்னிரண்டு கதை ஆகிவிட்டது. எல்லாவற்றையும் என் குரலில் பதிந்து அவளுக்கு வைத்துவிட்டுப் போக வேண்டும். போகிறேன் என்றால், குரல் போவதைச் சொன்னேன்.

அவளுக்கு ரொம்ப நாளாக ஒரே குறை. "நீ ஒருத்தர் மாத்தி ஒருத்தர்தான் பேசுறம்மா. ராஜாவும் குடையும் ஒரே நேரத்துல கத்திச் சண்டை போடணும்." எனக்கு இருப்பது ஒரு வாய். ராஜாவை ஒரு டிராக்கில் பதிந்து, குடையை இன்னொரு டிராக்கில் அதன் மேலேயே ஏற்றலாம் என்று கடைக்குக் கண்ணாடி வாங்க வந்த ஒருவர் சொன்னார். டப்பிங் ஸ்டுடியோவில் நீங்கள் தினமும் செய்கிற வேலைதானே அது.

என்னிடம் பழைய லேப்டாப் இருக்கிறது. ஒன்றும் தெரியாதவள் வாங்குகிற மாதிரி, விலை குறைவான மென்பொருள் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். ஒருநாள் வந்து போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஃபோன் வேண்டாம், குரலைச் செலவழிக்கக் கூடாதாம். மெசேஜும் வேண்டாம். நீங்கள் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுக் காணாமல் போவீர்கள்.

குட்டியின் அம்மா


மார்ச் 1

கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதத்தை ஸ்டுடியோவில் வைத்தே படித்துவிட்டேன். உள்ளே குரல் கொடுக்க மைக் முன்னால் நின்ற ஒரு அம்மா "சார், டேக் போலாமா, போலாமா"ன்னு மூன்று தடவை கேட்டாராம். எனக்குக் காதில் விழவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஆடாசிட்டி என்று ஒன்று இருக்கிறது. முழுக்க இலவசம், ஒரு மணி நேரத்தில் பழகிவிடலாம். ஆனால் பன்னிரண்டு கதை என்றால் ரீப்பர் வசதி. அறுபது நாள் சும்மா போட்டுப் பார்க்கலாம், பிறகு சின்னத் தொகைதான். ஆனால் முதல் தடவை திறந்ததும் தலை சுற்றும். கேரேஜ்பேண்ட் உன் லேப்டாப்பில் ஓடாது, அதை மறந்துவிடு. மைக்கை இணைக்கும் பெட்டி வாங்கினால் அதோடு ஒரு சின்ன மென்பொருள் இலவசமாகக் கொடுப்பார்கள், அதையும் யோசிக்கலாம். ஆனால் எது கொடுப்பார்கள் என்பது பெட்டியைப் பொறுத்தது.

ஒரு வாரம் கொடு. மற்ற மூன்றையும் நானே போட்டுப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை எதையும் வாங்காதே. இந்த மாதம் முழுக்க ஒரு தொடருக்கு டப்பிங், கிளம்ப முடியாது. தைரியமாக இரு.

குட்டியின் அப்பா


மார்ச் 6

குட்டியின் அப்பாவுக்கு,

ஒரு பெயர் கேட்டேன். நாலு பெயரும் மூன்று "ஆனால்"களும் வந்து சேர்ந்தன. கல்யாணத்துக்கு அப்புறம் வீடு பார்க்கப் போனபோதும் இதே கதைதான். பதினாலு வீடு பார்த்தோம், கடைசியில் யாருக்கும் பிடிக்காத வீட்டில் போய் உட்கார்ந்தோம்.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். கண் பரிசோதனையில் "இது தெளிவா, அது தெளிவா" என்று பத்து தடவைக்கு மேல் கேட்டால் நல்ல கண்ணுக்கும் குழப்பம் வந்துவிடும். ஏழாவதிலேயே நாங்கள் லென்ஸை முடிவு செய்து ஆளை அனுப்பிவிடுவோம்.

அதனால் நான் காத்திருக்கவில்லை. எதிர்வீட்டு டீச்சர் உதவியோடு அந்த இலவச ஆடாசிட்டியைப் போட்டுவிட்டேன். முதலில் ராஜா. பிறகு இயர்போனில் ராஜாவைக் கேட்டுக்கொண்டே குடை. நாலு நிமிடம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள்! குட்டிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "ஐயோ, ரெண்டு அம்மா"ன்னு கத்தினாள். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனையோ நாள் ஆகிறது.

அதை உங்களுக்கு மெயிலில் அனுப்பியிருக்கிறேன். நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். மீதி பதினோரு கதையையும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன்.

குட்டியின் அம்மா


மார்ச் 11

கண்ணாடிக்காரிக்கு,

கேட்டேன். குடை பேசுவது பிரமாதம். அதனால்தான் சொல்கிறேன், இப்படி வேண்டாம்.

மின்விசிறி ஓடுகிறது. ஒன்றரை நிமிடத்தில் குக்கர் விசில் அடிக்கிறது. "ப" வரும் இடமெல்லாம் காற்று மைக்கில் மோதி டப் டப் என்கிறது. ராஜா கூடத்தில் நின்று பேசுகிறார், குடை குளியலறையில் நின்று பேசுகிறது போலிருக்கிறது. லேப்டாப்பில் இருக்கிற மைக் இதற்கு லாயக்கில்லை. காலத்துக்கும் நிற்க வேண்டிய பொருள் இது, அரைகுறையாக இருக்கக் கூடாது. அதை அழித்துவிடு. இருந்தால் இதுவே போதும் என்று உனக்குத் தோன்றிவிடும். இனி தொண்டையையும் வீணாக்காதே.

நல்ல மைக்கும் பெட்டியும் நானே வாங்கி அனுப்புகிறேன். மென்பொருள் அநேகமாக ரீப்பர்தான். இரண்டு நாளில் உறுதியாகச் சொல்கிறேன்.

குட்டியின் அப்பா


மார்ச் 19

குட்டியின் அப்பாவுக்கு,

லேப்டாப்பிலும் அனுப்பிய மெயிலிலும் அழித்துவிட்டேன். மனசே வரவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் உங்களைவிடத் தெரிந்தவர் எனக்கு யார் இருக்கிறார்கள்?

நீங்கள் சொன்ன இரண்டு நாள் எட்டு நாளாகிவிட்டது. மைக் வரவில்லை. சாயங்காலமானால் எனக்கு வெறும் காற்றுத்தான் வருகிறது. கடையில் எழுத்துப் பலகையை நான் வாசித்துக் காட்டுவது நின்றுபோய், குச்சியால் தொட்டுக் காட்டுகிறேன். குட்டி வருகிறவர்களிடமெல்லாம் "எங்கம்மா வாய்க்கு லீவு" என்கிறாள். காலையில் ஒரு மணி நேரம் நன்றாக இருக்கிறது. அதைத்தான் உங்கள் மைக்குக்காகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

கெஞ்சுவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் வாருங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து "சரி, போ" என்று சொன்னால் நான் போய்விடுவேன்.

குட்டியின் அம்மா


மார்ச் 25

கண்ணாடிக்காரிக்கு,

முதலில் வாங்கிய மைக் திருப்தியாக இல்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறொன்றும் பெட்டியும் இன்று அனுப்பியாயிற்று. பெட்டியோடு வந்த மென்பொருளையும் பார்த்தேன், அதில் எட்டு டிராக்தான். கதையில் மழையும் இடியும் சந்தைக் கூட்டமும் வருமே, போதாது. ரீப்பரே சரி. முடிவு செய்துவிட்டேன்.

ஏப்ரல் பதினொன்றும் பன்னிரண்டும் லீவு சொல்லிவிட்டேன். நானே வருகிறேன். இரண்டே நாள், பன்னிரண்டு கதையும் முடித்துவிடுவோம். சத்தியம்.

உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொடர் டப்பிங் என்றெல்லாம் எழுதினேனே, அது பாதிதான் உண்மை. கேட்டால் ஒருநாள் விட்டிருப்பார்கள். நான் வந்து உட்கார்ந்து, நீ பேசி, நான் "டேக் ஓகே" சொல்லிவிட்டால் அத்தோடு உன் குரல் முடிந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் அந்த மென்பொருள் இந்த மென்பொருள் என்று மேய்ந்துகொண்டிருக்கிறேன். கோழை என்று நீ முன்பே ஒருமுறை திட்டியிருக்கிறாய்.

குட்டியின் அப்பா


ஏப்ரல் 8
ஆஸ்பத்திரி

குட்டியின் அப்பாவுக்கு,

ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். போன வாரம் மூச்சுவிடவே சிரமமாகிவிட்டது. காத்திருக்க முடியாது என்று ஏப்ரல் மூன்றாம் தேதியே ஆபரேஷனை முடித்துவிட்டார்கள். நன்றாக நடந்ததாம். படுக்கையில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று, துணைக்கு வந்த என் அண்ணனிடம் நான்தான் சொன்னேன். எத்தனையோ தடவை கூப்பிட்டபோது வராதவர், பேச முடியாமல் கிடக்கும்போது வந்து நிற்க வேண்டாம் என்று ஒரு கோபம். மைக் மூன்றாம் தேதி மத்தியானம் வந்ததாம், டீச்சர் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருக்கிறார்.

ஒரு கதையும் பதியவில்லை. ஆனால் அந்த நாலு நிமிடம் உங்களிடம் இருக்குமே. மின்விசிறியோடு, விசிலோடு, அப்படியே அனுப்பிவையுங்கள். அது ஒன்று போதும் எனக்கு.

குட்டியின் அம்மா


ஏப்ரல் 13

கண்ணாடிக்காரிக்கு,

இந்தக் கடிதத்தை ஏழு தடவை கிழித்துவிட்டேன்.

அது இல்லை. ஸ்டுடியோ மெஷினில் இறக்கித்தான் கேட்டேன். ஓகே ஆகாத டேக்குகளைச் சனிக்கிழமை தோறும் மொத்தமாக அழிப்பது எங்கள் வழக்கம், இடம் வேண்டுமே என்று. இருபது வருடப் பழக்கம், கை தானாகவே செய்துவிட்டது. மெயிலிலும் அன்றே அழித்துவிட்டிருக்கிறேன். தெரிந்தவர்களிடமெல்லாம் கொடுத்துத் தோண்டிப் பார்த்தேன். மேலே வேறு பதிவுகள் ஏறிவிட்டன, வராது என்கிறார்கள்.

உன் குரலை என் கையாலேயே அழித்துவிட்டேன். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகமில்லை.

குட்டியின் அப்பா


ஏப்ரல் 20

குட்டியின் அப்பாவுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் உங்களை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். வெளியே திட்டவும் வழியில்லை. மூன்றாம் நாள் திட்டுவது அலுத்துவிட்டது. அழிக்கச் சொன்னது நீங்கள், அழித்தது நானும்தானே.

நேற்று குட்டி தட்டை எடுத்து வந்து முன்னால் உட்கார்ந்தாள். "இன்னிக்கு நான் சொல்றேன், நீ கேளு." ராஜா சுமாராக வந்தார், மூக்கைப் பிடித்துக்கொண்டால் போதுமே. குடைக்குப் போனதும் நின்றுவிட்டாள். "அம்மா, குடை எப்படிப் பேசும்?" நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எழுதிக் காட்டலாம் என்றால் அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அந்தக் குரலை எந்த எழுத்தில் எழுதுவது? அவளாகவே ஏதோ ஒரு கீச்சுக் குரலில் பேசினாள். அது குடையே இல்லை. இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. சரி என்று தலையாட்டினேன். அவளுக்கே தெரிந்துவிட்டது, தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டாள்.

குடை எப்படிப் பேசும் என்று என்னைத் தவிர உங்களுக்குத்தான் தெரியும். சமையலறை வாசலில் நின்று கேட்டிருக்கிறீர்கள், ஒருதடவை என்னைக் கேலி செய்ய அதே மாதிரி பேசியும் காட்டியிருக்கிறீர்கள். அப்படியே இருந்தது, எனக்குக் கோபமே வந்துவிட்டது.

வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளுக்கு ஃபோன் செய்யுங்கள். குடை மாதிரி இரண்டு நிமிடம் அவளை அதட்டுங்கள். மைக் வேண்டாம், மென்பொருள் வேண்டாம். வாயைத் திறந்தால் போதும். உங்களிடம் நான் கேட்கப்போவது இனி இது ஒன்றுதான்.

குட்டியின் அம்மா


ஏப்ரல் 25

கண்ணாடிக்காரிக்கு,

கண்டிப்பாகச் செய்கிறேன். உன் கடிதம் வந்ததிலிருந்து ஸ்டுடியோவில் ஆளில்லாத நேரத்தில் பேசிப் பதிந்து பார்க்கிறேன். குரல் கிட்டத்தட்ட வருகிறது. ஆனால் நீ வாக்கியத்தை முடிக்கும்போது ஒரு இழுப்பு இழுப்பாயே, அது சரியாக விழவில்லை. தப்பாகப் பேசி வைத்துவிட்டால் அவள் மனதில் அதுவே நின்றுவிடும். காலத்துக்கும் நிற்க வேண்டிய விஷயம்.

இந்த ஞாயிறு வேண்டாம். பதினைந்து நாள் கொடு. நன்றாகப் பழகிக்கொண்டு பேசுகிறேன். அவளிடம் அப்படியே சொல்லி வை.

குட்டியின் அப்பா


மே 2

குட்டியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தது. அதற்குள் ஞாயிறு போய்விட்டது. குடை உன்னிடம் பேசப் போகிறது என்று குட்டிக்குப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டியிருந்தேன். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, நாலரையிலிருந்து ஏழு மணி வரைக்கும் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அவள் கதை கேட்பதில்லை, சொல்வதும் இல்லை. தானே எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிடுகிறாள். நேற்று டீச்சர் "குடை என்ன சொல்லிச்சு?" என்று கேட்டதற்கு, "குடை எங்கயாவது பேசுமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மைக்கையும் பெட்டியையும் உங்கள் ஸ்டுடியோ விலாசத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். இனி நீங்கள் குடையாகப் பேச வேண்டாம். எப்போதாவது அப்பாவாகப் பேசத் தோன்றினால் பேசுங்கள். அதற்கும் பழகிக்கொண்டுதான் வர வேண்டும் என்றால், விட்டுவிடுங்கள்.

குட்டியின் அம்மா