அத்தான் வருமுன் நிறுத்திய பாட்டு

என் ஆசை அக்கா,

இதை எழுதத் தொடங்கும்போதே உங்களுக்குக் கோபம் வரப்போகிறது என்று தெரியும். கலியாணம் கட்டிய நாள் முதல் நீங்கள் பொத்திப் பொத்தி வைத்த விஷயம் போன கிழமை வெளியில் வந்துவிட்டது. வெளியில் என்றால் பக்கத்து வீட்டுக்கு இல்லை. கனடா, லண்டன், கிளிவெட்டி, எல்லா இடமும் போய்விட்டது. விட்டவள் நான்தான். திட்டுவதற்கு முன் முழுவதையும் கேளுங்கள்.

முதலில் ஊர்ப் புதினம். மான்கள் இப்போது எங்கள் வீட்டுக் கேற்றுக்குள்ளும் வரத் தொடங்கிவிட்டன. நீங்கள் தந்த செவ்வரத்தையை இலை மிச்சமில்லாமல் தின்றுவிட்டு, நான்தான் பிழை செய்தவள் மாதிரி என்னைப் பார்க்கின்றன. துறைமுகத்தில் கப்பல் ஊதும்போதெல்லாம் குசினி யன்னல் இன்னும் அதிர்கிறது. பாலையூற்றில் உங்கள் வீடு அப்படியேதான் இருக்கிறது. அத்தான்தான் அப்படியே இல்லை.

உங்கள் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை, முடிந்து சனமெல்லாம் போன பிறகு அத்தான் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "உங்கட அக்கா என்னோட சந்தோசமா இருந்தவவோ, பிள்ளை?" நான் "ஓம் அத்தான், இதென்ன கதை?" என்றேன். அவர் தலையை ஆட்டினார். நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று ஒரு வருடமாக எனக்கு விளங்கவேயில்லை. மனிதர் மெலிந்துகொண்டே போனார். சோறு போட்டுக் கொடுத்தால் பிசைந்து வைத்துக்கொண்டு இருப்பார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் உங்கள் தேவாரத்தைப் போனில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

சரி, இப்போது குற்றத்துக்கு வருகிறேன். பொப் பாட்டு!

நினைவிருக்கிறதா அக்கா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா சாப்பிட்டுச் சரிந்ததும், ரேடியோவைத் தலையணைக்குள் வைத்து நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் காதைக் கொடுத்துக் கிடப்போம். மாமியைக் கேலி செய்யும் பாட்டு, பஸ் கொண்டக்டர் பாட்டு, நண்டுக்கறிப் பாட்டு. அர்த்தம் என்று பார்த்தால் ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் அடங்கிவிடும். ஆனால் கால் சும்மா இருக்காது. உங்களுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது சைக்கிள் பாட்டு. ஊரெல்லாம் ஒழுங்காக ஓடுகிற சைக்கிளுக்கு, ஒரு பெட்டையின் வாசலுக்கு வந்ததும் மட்டும் தினமும் காற்றுப் போகும். பாடுகிறவன் பம்ப் கேட்டுக் கதவைத் தட்டுவான். "காத்துப் போச்சு, காத்துப் போச்சு" என்று நீங்கள் தலையணைக்குள் பாடுவீர்கள்.

பிறகு நீங்கள் சங்கீத ரீச்சர் ஆனீர்கள். பொப் பாட்டுப் பாடினால் தொண்டை பழுதாய்ப் போகும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னீர்கள். ஒருமுறை பள்ளிக்கூட விழாவில் பிள்ளைகள் பழகி வைத்திருந்த பொப் பாட்டை மேடையில் ஏறவே விடவில்லை. அன்று பின்னேரமே எனக்குப் போன் எடுத்து அதே பாட்டை முழுசாகப் பாடிக் காட்டினீர்கள். "பாவங்கள், மெட்டில ஒரு இடம் பிழையாப் பழகியிருக்குதுகள்" என்று கவலை வேறு. உங்களை என்னதான் செய்வது?

அத்தானுக்கு மட்டும் தெரியவே கூடாது என்றீர்கள். பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் பாடிய தேவாரத்தைக் கேட்டுவிட்டு, "வேற ஒண்டும் வேண்டாம், இந்தக் குரல் போதும்" என்று சொன்ன மனிதர் அல்லவா. அந்தக் குரலால் நண்டுக்கறியைப் பாடலாமா என்று உங்களுக்கு ஒரு கூச்சம். அதனால் அவர் தம்பலகாமத்தில் குளத்து வேலை முடித்து வருகிற வரைக்கும்தான் கச்சேரி. குசினிக்குள் நின்று பாடி, போனில் பதிந்து எனக்கு அனுப்புவீர்கள். கீழே ஒரு கட்டளை வரும்: "கேட்டிட்டு அழிச்சுப்போடு." கொஞ்சத்தை அழித்தேன். மிச்சத்தை அழிக்க மனம் வரவில்லை.

தேவாரங்களையும் அதே போனில்தானே அனுப்பினீர்கள். அங்கேதான் சனி பிடித்தது. குரல் பதிவுக்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை. எல்லாம் ஒரே மாதிரி நெளிகிற ஒரு கோடு. நீங்களோ எதைப் பாடினாலும் முதலில் தொண்டையைச் செருமி, "கேக்குதே?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவீர்கள்.

போன கிழமை, ஒரு வருடம் நிறைந்த ஆட்டைத் திவசம் அன்று உங்கள் வீட்டில் படையல் போட்டிருந்தோம். வெளிநாட்டுச் சொந்தமெல்லாம் ஒரே நேரத்தில் விளக்கேற்றி உங்கள் தேவாரத்தைக் கேட்பதென்று ஏற்பாடு. நான் குடும்பக் குறூப்பில் அதைப் போட வேண்டும். அத்தானின் போனை உங்கள் படத்துக்குப் பக்கத்தில், பெரிய ஸ்பீக்கரோடு பொருத்தி வைத்திருந்தோம். நான் குசினியில் தேங்காய்ப்பூக் கையோடு நின்றபடி அவசரத்தில் ஒன்றை அமத்தி அனுப்பினேன்.

யாரோ அத்தானின் போனில் அதைத் தட்டிவிட, விறாந்தையில் நீங்கள் செருமினீர்கள். "கேக்குதே?" என்றீர்கள். எல்லோரும் கைகூப்பினார்கள். ஐயர் கண்ணை மூடினார். பிறகு வந்தது பாருங்கள், "காத்துப் போச்சு, காத்துப் போச்சு!"

நான் ஓடிவந்த ஓட்டத்தில் பாயசக் கிண்ணம் ஒன்று கவிழ்ந்தது. ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் "ஐயோ, நிப்பாட்டுங்கோ" என்ற சத்தம். குறூப்பில் எல்லோருக்கும் போனதை அழித்தேன். கனடாவிலிருந்து பெரியம்மா உடனே எடுத்தா. "என்ன பிள்ளை இது? விளக்கைக் கொளுத்திப்போட்டுக் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறன், சைக்கிளுக்குக் காத்துப் போச்சாம்! ஆரடி அது, மூத்தவளின்ர குரல் மாதிரிக் கிடக்கு?" பிறகு எடுக்கிறேன் என்று போனை வைத்தேன். அத்தானோ உங்கள் படத்தைப் பார்த்தபடியே இருந்தார். மனிதருக்கு மிச்சமிருந்தது அந்தத் தேவாரக் குரல் ஒன்றுதான். அதையும் நான் கெடுத்துவிட்டேனே என்று நினைத்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் அத்தான் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். மோட்டார் சைக்கிள் வந்த சத்தமே கேட்கவில்லை. கதிரையில் இருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை.

"நேத்தையான் பாட்டு இருக்கோ, பிள்ளை?"

"எந்தப் பாட்டு அத்தான்?"

"சைக்கிள் பாட்டு. ஏன் அழிச்சனீர்?"

"அக்காதான் சொன்னவ அத்தான். உங்களுக்குத் தெரியக்கூடாது எண்டு."

"எனக்குத் தெரியும்" என்றார்.

அக்கா, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் தரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டு போனார். "வேலையால வரேக்க சில நாள் றோட்டு முடக்கிலேயே எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு உருட்டிக்கொண்டு வருவன். கேற்றடியில நிண்டா குசினிக்குள்ள பாடுறது கேக்கும். நல்லாப் பாடுவா. கேற்றில கையை வைச்சா அந்த இடத்திலேயே பாட்டு நிண்டிடும். முதல்ல எனக்கும் பகிடியாத்தான் இருந்தது. பிறகு பிறகு யோசிச்சுப் பாத்தன். நான் இல்லாத நேரம்தான் இவ சந்தோசமா இருக்கிறா, என்னைக் கண்டா அது போயிடுது. கேக்கப் பயந்தனான், பிள்ளை. ஓம் எண்டு சொல்லிப்போட்டா என்ன செய்யிறது?"

அந்தியேட்டி அன்று கேட்ட கேள்வி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

நான் போனை எடுத்து, நீங்கள் எனக்கு அனுப்பிய அந்தப் பதிவைப் போட்டேன். பாட்டு முடிந்தது. முடிந்த பிறகும் நீங்கள் ஏதோ சொல்கிறீர்கள். திவசத்தன்று அந்தச் சத்தத்துக்குள் ஒருவரும் அந்த இடத்துக்குப் போகவில்லை. நானும் முன்பு கேட்டுச் சிரித்துவிட்டு மறந்துபோயிருந்தேன். பாருங்கள், சரியாக அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் கப்பல் ஊதியது. அத்தான் கையைத் தூக்கினார். "திருப்பிப் போடும்" என்றார். ஊதி முடியும் மட்டும் பொறுத்திருந்து திருப்பிப் போட்டேன்.

"சரி சரி, பாடினது காணும். அத்தான் வாற நேரம். தேவாரக் குரலெண்டு நம்பிக் கட்டின மனுசன், இந்தக் கூத்தைக் கேட்டா நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்திடுவார், பாவம்" என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சட்டியில் மீன் பொரிகிற சத்தம் கேட்கிறது. பிறகு குரல் கொஞ்சம் தணிகிறது. "இண்டைக்கு ஏனடி இன்னும் காணேல்ல? மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குத்தான் காதைக் குடுத்துக்கொண்டு நிக்கிறன். அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பொழுதுபடும்."

அத்தான் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் கேற்றடியில நிண்டிருப்பன், பிள்ளை" என்றார். அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். தேத்தண்ணி ஆறிப்போனது.

அக்கா, கோபிக்காதீர்கள், உங்கள் இரண்டு பேரையும் போல மொக்குகள் இந்தத் திருகோணமலையில் இல்லை. நீங்கள் உள்ளே நின்று அவருடைய சத்தத்துக்குக் காது கொடுத்தீர்கள். அவர் வெளியே நின்று உங்கள் பாட்டுக்குக் காது கொடுத்தார். நடுவில் ஒரு கேற். யாராவது ஒருவர் அதைத் திறந்து, "என்ன பாட்டு அது?" என்று கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஒரு பாட்டுப் பிடித்ததற்கு ஏன் அவ்வளவு வெட்கப்பட்டோம்? தேவாரம் பாடிய வாய்தானே அதையும் பாடியது, கடவுள் ஒன்றும் கோபித்த மாதிரித் தெரியவில்லையே.

நேற்று வெள்ளிக்கிழமை. அத்தான் முடக்கிலேயே ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தார், மான்கள் விழுந்தடித்து ஓடின. தேவாரம் கேட்டோம். பிறகு சைக்கிள் பாட்டு. அத்தானும் சேர்ந்து பாடினார். சுருதி தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது, நீங்கள் இருந்திருந்தால் காதைப் பொத்தியிருப்பீர்கள். சூடை மீன் பொரித்திருந்தேன், இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பெரியம்மாவுக்கும் உண்மையைச் சொல்லிவிட்டேன். "முழுக்க அனுப்படி" என்றா.

மிச்சமிருக்கிற ஒன்றையும் அழிக்கமாட்டேன் அக்கா, இந்த ஒரு விஷயத்தில் உங்கள் சொல்லைக் கேட்கப் போவதில்லை. இனி வெள்ளிக்கிழமைகளில் கேற் சத்தம் கேட்டாலும் உங்கள் பாட்டை நடுவில் நிறுத்தமாட்டேன். அத்தான் உள்ளே வந்து கேட்கட்டும்.

தலையணையின் மற்றப் பக்கத்தில் காது வைத்துக் கிடந்த
உங்கள் தங்கச்சி,
சுகந்தி