நஜீம் நானாவின் படகுக்கு உடைத்த தேங்காய்

அக்கரை டிவிஷன்,
மஸ்கெலியா.
கார்த்திகை, வெள்ளிக்கிழமை

அன்புள்ள றுக்கையா ராத்தாவுக்கு,

தெய்வானை எழுதுகிறேன். அம்மன் புண்ணியத்தில் நானும் வீட்டுக்காரரும் சுகமாக இருக்கிறோம். நஜீம் நானா மவுத்தான பிறகு நீங்கள் அக்குறணையில் மகன் வீட்டில் இத்தா இருக்கிறீர்கள். கணவருக்காக வீட்டுக்குள்ளேயே துக்கம் காக்கிற அந்த நாட்களில் வெளியார் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் போன் எடுத்தால் உங்கள் மகன் ஃபாஸில் தம்பிதான் பேசுகிறார். இது உங்களிடமே சொல்ல வேண்டிய விஷயம், அதனால் தபாலில் போடுகிறேன். தேவாரப் புத்தகத்தைப் பார்த்து எழுதப் பழகியவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே மழை விடவில்லை. உங்கள் பலசரக்குக் கடை இருந்த இடத்தில் இப்போது போன் ரிப்பேர் போர்டு தொங்குகிறது. அந்தப் பக்கம் போனால் பழைய பழக்கத்தில் நான் இன்னும் பருப்பு வாங்கத் திரும்பிவிடுகிறேன்.

விஷயம் நானா பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய படகைப் பற்றியது. நானா போனதிலிருந்து அது மவுசாகலை நீர்த்தேக்கக் கரையில் சும்மா கிடக்கிறது. எங்கள் டிவிஷன் பிள்ளைகள் ரோட்டைச் சுற்றி நடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். பெரிய பையன்கள் பிளாஸ்டிக் பேரல்களைச் சேர்த்துக் கட்டி, அதில் தண்ணீரைக் கடந்தார்கள். போன வாரம் அது கவிழ்ந்துவிட்டது. நல்லவேளை, கரையோரம். புத்தகப் பைகள் மட்டும் போயின. அன்றைக்கே எங்கள் வீட்டுக்காரர் அந்தப் பேரல்களை அவிழ்த்து எங்கேயோ ஒளித்துவிட்டார், பையன்கள் திட்டித் தீர்க்கிறார்கள். பெக்டரி வேலையிலிருந்து நின்றபோது கிடைத்த ஈ.பி.எஃப். காசில் நானாவின் படகை வாங்கி, பிள்ளைகளைத் தானே ஏற்றி இறக்கப் போவதாகச் சொல்கிறார். எங்களிடம் இருப்பது அந்தக் காசு மட்டும்தான்.

ஃபாஸில் தம்பி விற்பதாகச் சொன்னதும் படகு திருத்துகிற மரவேலை பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். வெளியே ஃபைபர் பூச்சு பளபளவென்று இருக்கிறது. உள்ளே அடிப்பலகையில் ஸ்குரூ டிரைவரை வைத்தால், தேத்தண்ணியில் நனைத்த ரஸ்க்கில் இறங்குகிற மாதிரி இறங்குகிறது. பாஸ் தலையைச் சொறிந்துகொண்டு, “அக்கா, இதைச் செய்யிற காசுக்கு இன்னொன்னு வாங்கலாம்” என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன், அவர் சொன்னது சரி. வேண்டாம் என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

கேட்கிற ஆளா? மறுநாள் காலையில் என்னிடம் மூச்சுவிடாமல் தேங்காய், சூடம், எலுமிச்சம்பழத்தோடு கரைக்குப் போய்விட்டார். படகின் முன்பக்கம் விபூதிப் பட்டை போட்டு, குங்குமம் வைத்து, நானா உட்காரும் இடத்துக்கு நேரே சூடம் கொளுத்தியிருக்கிறார். இன்னும் உங்கள் பொருள், ராத்தா! ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், “பூச போட்டுட்டா நீ வேணாம்னு சொல்லமாட்ட புள்ள, அதான்” என்கிறார்.

தேங்காய் உடைக்கிற நேரம் பார்த்து ஃபாஸில் தம்பி நுவரெலியா ஹோட்டல்காரர் ஒருவரோடு வந்து இறங்கியிருக்கிறார். ஹோட்டல் தோட்டத்தில் படகை வைத்து, உள்ளே மண் நிரப்பிப் பூச்செடி நடப் போகிறாராம். நல்ல விலை. நாங்கள் நினைத்திருந்ததைப்போல இரண்டு மடங்கு. அந்த மனிதர் விபூதியைப் பார்த்துவிட்டு, இது கோயில் படகா என்று சிங்களத்தில் கேட்டாராம். இவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக் கும்பிட்டபடி நின்றிருக்கிறார். சாமி பொருளில் கைவைக்க மாட்டேன் என்று ஹோட்டல்காரர் வேனில் ஏறிப் போய்விட்டார். தம்பி கோபப்படவில்லை. “மாமா, வாப்பா இருந்தா இதுக்கு வயிறு வலிக்கச் சிரிச்சிருப்பாரு. சரி, நீங்களே எடுங்க, தாறதைத் தாங்க” என்றாராம்.

அம்மன் வழிவிட்டாள் என்று இவர் குதிக்கிறார். எனக்கு அன்று விளக்கேற்றக் கை வரவில்லை. இத்தாவில் இருக்கிற பெண்ணின் பொருளைப் பாதி விலைக்கு எடுக்க எந்த அம்மன் வழிவிடுவாள்? அதைச் சொன்னதும் இவர் முகம் விழுந்துவிட்டது. “நானா உக்காந்த எடத்துல பூச்செடியா புள்ள?” என்று கேட்டார்.

கணக்கு இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்கிறது, ராத்தா. இருந்தாலும் கேட்கிறேன். பூச்செடிக்குக் கொடுப்பதில் உங்களுக்குச் சம்மதம் என்றால், நானே நுவரெலியா போய், எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அது கோயில் படகு இல்லை என்று சொல்லிவிட்டு வருகிறேன். எங்களுக்குத் தருவதென்றால் ஹோட்டல்காரர் சொன்ன அதே விலைதான் தருவோம். பாதி இப்போது. மீதியை நல்லதண்ணி சீசனுக்குச் சிவனொளிபாத மலை ஏற வருகிறவர்களைப் படகில் ஏற்றி மாதாமாதம் கட்டுவோம். பலகை மாற்றுகிற செலவோடு ஈ.பி.எஃப். காசு முடிந்துவிடும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

இத்தா முடிந்து உங்கள் வாயால் சொல்லும்வரை படகைத் தொடமாட்டோம். இந்த சீசன் தவறினாலும் பரவாயில்லை. விபூதியை நானே போய், அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்துவிட்டு வந்தேன்.

துடைக்கும்போது உள்ளே குனிந்து பார்த்தேன். தண்ணீருக்குப் பயந்த உங்களுக்காக நானா பின்பலகையில் ஒரு கயிற்றுப் பிடி கட்டியிருந்தாரே, எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உயிரைப் பிடித்த மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு வருவீர்களே, அது அப்படியே இருக்கிறது. பாஸ் எல்லாப் பலகையையும் மாற்ற வேண்டும் என்கிறார். அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும். பூச்செடிக்கு என்று எழுதினால் அந்தப் பிடியை அவிழ்த்து உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன். எங்களுக்கு என்று எழுதினால் அது இருக்கிற இடத்திலேயே இருக்கும். நீங்கள்தான் வந்து பிடித்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் தங்கச்சி,
தெய்வானை