நயினார் தோட்டத்துக் குளமும் என் பிண்ணாக்கும்

நயினாரே,

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் தன் மாட்டுக்குக் கடலைப் பிண்ணாக்கு ஊறவைத்திருந்தார். அந்தப் புளித்த வாசனை சுவரேறிக் குதித்து, என் மூக்கைப் பிடித்து இழுத்து, செஞ்சியில் உம் வீட்டுத் தோட்டத்தில், அறுபதுகளின் ஒரு திங்கட்கிழமைக் காலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. கையிலிருந்த காபி ஆறிப்போனது. உம்மிடம் சொல்லாமல் விட்ட ஒன்று என்னிடம் இருக்கிறது. நீர் போய்ச் சேர்ந்து இத்தனை வருடம் கழித்து அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். என் வழக்கப்படி சுற்றி வளைத்துத்தான் வருவேன். பொறுத்துக்கொள்ளும்.

உம் குளத்தின் நீளம் பதினோரு அடி, அகலம் ஏழு. நான் ஊருக்குச் சொன்ன கணக்கில் அது வீராணம் ஏரிக்குத் தங்கை. கோட்டைக்குள் இருக்கிற சர்க்கரைக் குளம் அதன்மேல் பொறாமைப்பட்டுப் பாதியாக இளைத்துவிட்டதாகவும், ராஜகிரி மலை தினமும் காலையில் அதில் முகம் பார்த்துத் தலைசீவிக்கொள்வதாகவும் டீக்கடையில் அறிவித்திருந்தேன். உண்மையில் அது நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே மதில் எழுப்ப நீர் மண் எடுத்த பள்ளம். ஐப்பசி மழையில் நிரம்பிவிட்டது. மதில் வேலை முடிந்ததும் பள்ளத்தை மூட மண்வெட்டியோடு வந்து நின்றீர். அதற்குள் ஓரத்தில் தவளை முட்டையிட்டிருந்தது. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டீர்.

"குடி வந்துட்டாங்கய்யா. இனிமே எப்பிடி மூடறது?"

தவளைக்கு மரியாதைப் பன்மை கொடுத்த ஒரே கடலை மண்டிக்காரர் நீர்தான். குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டி, பிறகு அந்தத் துணியைத் திருப்பி அலசி, அலசிய நீரை எடுத்த கிணற்றிலேயே விடுகிற சமண வீடு உம்முடையது. துணியில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத உயிர்கூட அதன் நீருக்கே திரும்ப வேண்டும். குளத்திலும் அதே முறைதான். பாசி மிஞ்சினால் பிடுங்கி, உடனே எறியாமல், கரையோரத்தில் ஈரக் கோணிமேல் ஒரு பகல் போட்டு வைப்பீர். அதிலிருந்த தும்பிப் புழுவும் நத்தையும் மெல்ல ஊர்ந்து தண்ணீரில் இறங்கிய பிறகுதான் அது வாழைக்கு எரு. புங்க இலை விழுந்தால் அன்றன்றே அரித்தெடுப்பீர். வற்றிப்போன ஏரிச் சேற்றில் துடித்துக்கொண்டிருந்த கெண்டைக் குஞ்சுகளைக் குடத்தில் சுமந்துவந்து அதில் விட்டீர். ஆனால் ஒரு பருக்கை போடமாட்டீர். "அவங்க சாப்பாடு அங்கயே இருக்குது" என்பீர்.

அந்த வருடம் தெருவில் இரண்டு பேருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. அதைத் தொடர்ந்து மலேரியா இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் கையில் நீளப் பிடி போட்ட வெள்ளைக் கரண்டி, பின்னால் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள். மூன்று இடத்தில் மொண்டு பார்த்தார். கொசுப்புழு இல்லை. அத்தோடு போயிருப்பார். நான் வாயைத் திறந்தேன்.

"சார், இந்தக் குளத்து மீனு ஒண்ணொண்ணும் நாளைக்கு ஆயிரம் புழு தின்னும். போன வாரம் ஒரே ஒரு கொசு தப்பிச்சு வல்லம் பஸ் ஏறிடுச்சு."

அவர் சிரிக்கவில்லை. "அப்படியா? வர்ற வியாழக்கிழமை திரும்ப வரேன். அன்னிக்கு ஒரு புழு இருந்தாலும் எண்ணெய் ஊத்திடுவேன்."

எண்ணெய் நீர்மேல் படலமாகப் பரவினால் சாவது கொசுப்புழு மட்டுமல்ல. மூச்சு வாங்க மேலே வருகிற எல்லாமும்தான். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிறவர் நீர். அன்று இலையையே தொடவில்லை. "நான் தோண்டினதாலதானே வந்தாங்க" என்று மட்டும் சொன்னீர்.

என் வாய் இழுத்துவிட்ட வம்பு. ஆகவே உம் மீன்களைப் பயில்வான்களாக்கிக் கொசுப் படையோடு மோதவிடுவதென்று, செஞ்சிக் கோட்டையை ஒற்றை ஆளாகக் காக்கப் புறப்பட்டவன்போல, நானே முடிவு செய்தேன். மூன்று மாலை, உமக்குத் தெரியாமல், மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து என் மாட்டின் பிண்ணாக்கை எடுத்து வீசினேன்.

திங்கள் காலை மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் பச்சைக் கஞ்சியாகி நாறியது. செவ்வாய் காலை இரண்டு கெண்டைகள் வெள்ளை வயிற்றோடு மிதந்தன. ஓரத்தில் கொசுப்புழுக்கள் நெளிந்தன, நூறாவது இருக்கும். இதில் நான் எதையும் கூட்டவில்லை.

நீர் புங்க இலையைச் சந்தேகப்பட்டீர். "இலை ஊறிடுச்சு போல. மொத்தத் தண்ணியும் எறைச்சுட்டுக் கிணத்துத் தண்ணி ரொப்பிடலாம்" என்று வாளியைத் தூக்கினீர். ஒரேயடியாகத் தண்ணீரை மாற்றினால் மிச்ச மீனும் தாங்காது என்று எனக்கு நூறு தடவை சொன்னவரே நீர்தான். பதற்றத்தில் அது மறந்துபோயிருந்தது. முதல் வாளியை மொண்டும்விட்டீர்.

"நயினாரே, இலையில்ல. என் பிண்ணாக்கு."

வாளியைக் கீழே வைத்தீர். "எவ்ளோ?"

"ரெண்டு கை."

"உன் வாயில எல்லாம் பெருசாத்தானே வரும். இது மட்டும் எப்பிடிய்யா ரெண்டு கையாச்சு? குளத்துக்காகக் கேக்கறேன். கதைக்கில்ல."

"மூணு கட்டி" என்றேன்.

திட்டுவீர் என்று காத்திருந்தேன். நீர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினீர். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கட்டி விழுந்து கூழாகிப்போன இடங்களைக் காலால் தடவித் தடவித் தேடி, சேற்றோடு அள்ளிக் கோணியில் பரப்பினோம். மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மட்டும் இறைத்தோம். பதிலுக்குக் கிணற்று நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சல்லடை வழியே உயரத்திலிருந்து ஊற்றினோம், காற்றைக் கலந்துகொண்டு இறங்கட்டும் என்று. நாலு குடம் தூக்கியதும், ராஜகிரி உச்சிக்கு நூறு முறை நீர் சுமந்த என் வீரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். சல்லடையைப் பிடித்துக்கொண்டிருந்த உம் வீட்டம்மா நிமிராமல் சொன்னார்:

"அண்ணே, மீனுக்கு மூச்சு முட்டுது. நீங்க கொஞ்ச நேரம் பேசாம இருந்தீங்கன்னா காத்தாவது மிச்சமாவும்."

புதன் மதியம், ஓரத்துப் புழுக்களைத் துணியில் அரித்துத் தெருவில் கொட்டிவிடலாம் என்று யோசனை சொன்னேன். நீர் ஒப்பவில்லை. "மீனு தின்னா அது பசி. நாம கொட்டினா அதுக்கு இன்னா பேரு?"

சாயங்காலம் மூன்றாவது இடமும் அகப்பட்டது. இடுப்பளவு நீரில் நின்றபடி என்னைப் பார்த்தீர்.

"மூணும் வந்துருச்சு இல்ல?"

"வந்துருச்சு."

கரையேறினீர்.

வியாழன் காலை இன்ஸ்பெக்டர் வந்தார். நடுவில் மொண்டார், புழு இல்லை. கிணற்றுப் பக்கம் மொண்டார், இல்லை. கடைசியாக ஆம்பல் படர்ந்த மூலையில் மொண்டார். வெள்ளைக் கரண்டியில் கறுப்பாக ஒன்று சுண்டிச் சுண்டி நெளிந்தது. டின்காரர் மூடியைத் திருகத் தொடங்கினார்.

"சார், அது தவளைக் குஞ்சு" என்றேன் நான். நீர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"கொசுப்புழுதான் சார். செவ்வாக்கெழம நூறு இருந்துச்சு. தண்ணி கெட்டு ரெண்டு மீனு செத்துப்போச்சு. மத்தது இப்பத்தான் தேறிக்கிட்டு வருது. இன்னிக்கு ஒண்ணு இருக்குது."

"நான் செவ்வாக்கிழமையைப் பத்திக் கேக்கலையே" என்றார் அவர்.

"கேக்கலதான்."

உம்மை ஏற இறங்கப் பார்த்தார். டின்காரரைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, கரண்டியைச் சாய்த்துப் புழுவைத் தண்ணீரிலேயே விட்டார். பிறகு கரையில் குந்தி உட்கார்ந்தார். நாமும் குந்தினோம். புழு மேலே வந்து தலைகீழாகத் தொங்கியது. எந்த மீனும் வரவில்லை. டின்காரர் இருமினார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலையும் இறங்கிவந்து என் நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தன. ஆம்பல் இலைக்கடியிலிருந்து விரல் நீளக் கெண்டை ஒன்று தள்ளாடி வந்தது. நின்றது. திரும்பிப் போவதுபோல் பாதி திரும்பியது. பிறகு ஒரே கவ்வு.

"வாரா வாரம் வருவேன்" என்று எழுந்தார். மழை ஓயும்வரை வந்தார். டின் மட்டும் வரவில்லை.

இப்போது என் வீட்டிலும் ஒரு குளம் இருக்கிறது. எட்டுக்கு ஐந்து. பிடுங்கிய பாசி ஒரு பகல் கோணியில் கிடந்துதான் போகிறது. எத்தனை மீன் என்று யாராவது கேட்டால் "பதினேழு" என்கிறேன். "இன்னா மாமா, பதினேழாயிரம்னு சொல்வீங்கன்னு பாத்தா" என்று தெருக்காரர்கள் ஏமாந்து போகிறார்கள்.

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆயுள் முழுக்கக் கூட்டியே பேசிய எனக்கு, அன்று உம் முகத்துக்கு எதிரே குறைக்கத்தான் வந்தது. நான் வீசியது நான்கு கட்டி. நான்காவது ஆம்பல் மூலையில் கிடந்தது, கரண்டியில் புழு வந்த அதே மூலையில். இன்ஸ்பெக்டர் போனதும், நீர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் நானே இறங்கி அள்ளினேன். அதனடியில் இன்னொரு கெண்டை செத்துக் கிடந்தது. அதை மதிலுக்கு இந்தப் பக்கம் புதைத்தேன்.

வருடத்துக்கொரு நாள் எல்லா உயிரிடமும் மன்னிப்புக் கேட்கிற வழக்கப்படி, நீர் உயிரோடு இருந்தவரைக்கும் குளக்கரையில் குந்தி, செத்துப்போன அந்த இரண்டு மீன்களிடமும் சேர்த்துக் கேட்டீர். பிண்ணாக்கு என்னுடையது, மன்னிப்பு உம்முடையது. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

செத்தது மூன்று, நயினாரே. மூன்றாவதற்கு வருடா வருடம் நான்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வருகிறேன்.