பத்துக்குப் பத்து

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம், இந்த வாரம் ரொம்பவே நலம்.

தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டபோது, "நீ போகலன்னா கல்யாணம் நின்னுடுமா?" என்று சிரித்தாரே எங்கள் லாண்டரி சூப்பர்வைசர், அன்றிலிருந்து கறுவிக்கொண்டே இருந்தேன். போன மாதம், வேலையிடத்தில் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறோம் என்று ஆராய ஒரு பெண் வந்தாள். "மார்க் குறைஞ்ச கிளைக்கு நல்ல சூப்பர்வைசரை அனுப்பப் போறாங்க" என்றாள். அவ்வளவுதான். எல்லோரையும் பத்துக்குப் பத்து போட வைத்தேன். "எல்லாம் எங்க சூப்பர்வைசராலதான்" என்று சத்தியமும் பண்ணினோம். இருப்பதிலேயே மோசமான கிளைக்கு அவரைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

"எனக்குப் போக மனசே இல்லம்மா" என்று பெட்டியோடு நின்றார்.

"நீங்க போகலன்னா அங்க சந்தோஷம் நின்னுடுமே சார்" என்றேன்.

"கடைசியா யாரோட சேர்ந்து சிரிச்சீங்க?" என்றும் அந்தப் பெண் கேட்டிருந்தாள். எங்க அம்மாகூட என்று சொல்லி வைத்தேன். கல்யாண வீடியோவைப் பாட்டுச் சேர்க்காமல் அனுப்பச் சொல். உங்கள் பேச்சுச் சத்தம் கேட்கட்டும்.

மணி அடித்துவிட்டது. புது சூப்பர்வைசரிடமும் லீவு கேட்டேன். முடியாதாம். அவருக்கும் பத்துக்குப் பத்துதான்.

உன் மூத்தவள்