பாதி முடி போன ஆட்டுத்தோல்

வாத்தியாரே,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டில் நீங்கள் இறங்கிய முதல் நாளே, "இந்த சயின்ஸ் வாத்தியாரு பள்ளிக்கூடத்தையே தலைகீழா மாத்திடுவாரு" என்று டீக்கடையில் அடித்துச் சொன்னவன் நான்தான். இன்று பரணைத் துழாவியபோது நம் ஆட்டுத்தோல் துண்டு கையில் பட்டது. காய்ந்து தகரம்போல் ஆகிவிட்டது. ஒரு பாதி முடியோடு, மறு பாதி வழுக்கையாக.

எழுபதுகளின் கடைசி அது. நான் தோல் தரகன், உங்கள் டீக்கடை தோஸ்த். அந்தத் தோலைக் கொடுத்ததே நான்தான். ஆகவே உங்கள் புகழில் பாதி எனக்கு. வகுப்பு மூலையில் சுண்ணாம்பு வாளி. தோலின் ஒரு பாதி மட்டும் அதில் மூழ்கியிருக்கும். முடி எப்போது கழலும், ஏன் கழலும் என்று பிள்ளைகளே பார்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் வாயே திறக்க மாட்டீர்கள்.

சில நாளில் நாற்றம் ஊரைத் தூக்கியது. பெற்றோர் ஆயிரம் பேர் திரண்டார்கள். சரி, இருபது பேர். முன்னால் நின்றவர் என் அக்கா புருஷன். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை அவருக்கு.

"இன்னா சார் இது? இந்த நாத்தம் எங்களோட போவட்டும்னுதான் புள்ளைங்கள இங்க அனுப்புறோம். நீங்க அதையே கொண்டாந்து வகுப்புல வெச்சிக்கிறீங்களே!"

தலைமையாசிரியர் முடிவாகச் சொன்னார்: "வாளி போகணும். இல்லேன்னா நீங்க மாறுதல் வாங்கிட்டுப் போங்க."

உங்கள் முகம் விழுந்துவிட்டது. அப்போதுதான் உங்கள் வகுப்பில் படித்த என் அக்கா மகள் வசந்தி அவள் அப்பாவைக் கேட்டாள்: "நைனா, முடி மட்டும் கழலுதே, தோல் ஏன் கரையல?"

அக்கா புருஷன் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "தெனம் அதுலதான் நிக்கிறேன். ஒருநாளும் இப்படி யோசிக்கலியே!" பிறகு சிரித்துவிட்டார். "சார், உங்களுக்காவது தெரியுமா?"

"பாதிதான் தெரியும். மீதியை இதுங்களோட சேர்ந்துதான் பார்க்கணும்."

"அப்ப இருக்கட்டும் சார். ஆனா வெளிய, வேப்பமரத்தாண்ட. புள்ளைங்க கைய வுடக்கூடாது, சுண்ணாம்பு அரிச்சிடும்."

தலைமையாசிரியரும் மூக்கைப் பொத்தியபடியே தலையாட்டினார்.

பிறகு அந்த மரத்தடிதான் உங்கள் வகுப்பு. எண்பதுகளில் கணியம்பாடி வரைக்கும் போய் வாத்தியார்களுக்கே பயிற்சி கொடுத்தீர்கள். அவர்களையும் வாளிமுன் உட்காரவைத்து, "பதில் சொல்ல அவசரப்படாதீங்க" என்பீர்களாம்.

எட்டாம் வகுப்பைத் தாண்டாத நானும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன். பேரன் எதைக் கேட்டாலும், "நீ இன்னா நெனைக்கிற?" என்பேன். எனக்கே பதில் தெரியாது என்று அவன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஒன்று மட்டும், வாத்தியாரே. நீங்களே போய்விட்டீர்கள், இனி மறைத்து என்ன? டீக்கடையில் சொன்னேன் என்றேனே, அது என் கைச்சரக்கு. அன்று நானும் அவசரப்பட்டுத்தான் பதில் சொன்னேன்:

"இந்த ஆளு ஒரு மாசம் தாங்கமாட்டான்."